சுற்றி வருவது நின்றால்

பூனையை வாயில்லாப் பிராணி என்று கூறுவது நம் வழக்கம். பூனை வளர்க்கும் வீட்டார் இக்கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். மீன்காரரின் குரல் தெருமுனையில் கேட்ட அளவிலேயே அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடி ஓடிக் கத்தி, வீட்டையே எழுப்பிவிடும் உயிருக்கா வாயில்லை? பசித்தால் கத்தும், கதவு அடைத்திருந்தால் கத்தும், ஸஹர் நேரத்தில் மீன் மணம் எழுந்துவிட்டால், நமக்கு முன்னே தனக்கு வேண்டுமென்று கத்தும். ஆனால் அதே பூனை நோயுற்றால் ஒரு முனகல்கூட இல்லை. கட்டிலுக்கு அடியிலோ, பத்தாயத்தின் பின்புறத்திலோ, பழம்பெட்டிகள் அடுக்கிய மச்சின் மூலையிலோ சென்று ஒடுங்கிக்கொள்கிறது. பசியைச் சொல்ல வாய் உண்டு. வலியைச் சொல்ல வாய் இல்லை. இம்முரண்பாடு ஏன் என்பதையும், அந்த மௌனத்தின் முன்னே வீட்டார் செய்யத்தக்கது யாது என்பதையும் வாசக நேயர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முஸ்லிம் இல்லங்களில் பூனைக்குள்ள இடம் தனியானது. நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு, அவர்களுடைய மருமகளார் கப்ஷா ஒளுச் செய்யத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை அங்கு வந்தது. அது குடிப்பதற்கு ஏதுவாக அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகளார் வியப்புடன் நோக்குவதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று என்றும், அது நம்மைச் சுற்றி வருவோரில் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை எடுத்துரைத்தார்கள். இச்செய்தி முவத்தா, அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஹதீஸ்களை மிகுதியாக அறிவித்த நபித்தோழருக்கோ, அவர்கள் ஆடு மேய்த்த நாளில் உடன் வைத்து விளையாடிய சிறு பூனையால் அபூஹுரைரா (ரலி) என்ற பெயரே நிலைத்துவிட்டது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையைப் புகாரியும் முஸ்லிமும் எடுத்துரைக்கின்றன.

இந்தப் போதனையின் பயனாகப் பூனைக்கு உணவிடுவது நம் சமுதாயத்தின் இயல்பாகிவிட்டது. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், ஆதரவற்ற பூனைகளின் உணவுக்கென்று கெய்ரோவில் ஒரு தோட்டத்தையே வக்ஃபு செய்தார். 19ஆம் நூற்றாண்டில் அந்நகரில் தங்கியிருந்த எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர், தோட்டம் கைமாறிப் போன பின்பும் பிற்பகல் வேளையில் காழியாரின் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவிடும் வழக்கம் நிலவியதை எழுதி வைத்திருக்கிறார். நம் தெருக்களிலும் மீன்தலையைப் பூனைக்கென்று எடுத்து வைக்காத வீடு அரிது.

உணவிடுவதில் நாம் குறை வைப்பதில்லை. ஆனால் நபிமொழியில் வரும் அந்தச் சொல்லை மீண்டும் நினைத்துப் பாருங்கள்: சுற்றி வருவோர். பூனையின் நலத்தை அறிவதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் எங்கள் பட்டறிவில் கிட்டவில்லை. பூனை நம்மைச் சுற்றி வரும் வரையில் அது நலமாயிருக்கிறது. சுற்றி வருவது நின்றுவிட்டால், அதுவே அதன் முறையீடு.

பூனை ஏன் ஒளிகிறது? வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையும் கிடத்தப்பட்டிருந்ததைத் தொல்லியலார் கண்டு 2004இல் வெளியிட்டனர். அத்தனை பழைய உறவாயினும் பூனையின் உள்ளியல்பு பெரிதும் மாறிவிடவில்லை. அது தனித்து வேட்டையாடும் உயிர். கூட்டமாக வாழும் நாய் வலியால் கத்தினால் துணை வரக்கூடும். தனித்துத் திரியும் பூனை கத்தினால் வருவது துணையன்று, பகையே. எலிக்கும் அணிலுக்கும் வேட்டைக்காரனாகிய பூனை, நரிக்கும் கழுகுக்கும் இரையாகும் அளவுக்குச் சிறிய உடம்பு கொண்டது. தளர்ச்சியைக் காட்டிக்கொண்ட பூனை காட்டில் பிழைத்திருக்க முடியாது. ஆகவே வலியை மறைப்பதும், இருண்ட இடத்தில் ஒடுங்குவதும் அதற்கு இறைவன் வழங்கிய தற்காப்பு. காட்டில் அதன் உயிரைக் காத்த அதே குணம், வீட்டில் அதன் உயிருக்கே உலையாகிவிடுகிறது. ஏனெனில், நோய் முற்றிய பின்னரே நம் கண்ணில் படுகிறது.

எங்கள் வீட்டில் செவலை என்றொரு பூனை இருந்தது. 2012ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு முடுக்கில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை உம்மா எடுத்துத் துடைத்துச் சோற்றுப்பானை அருகே வைத்தார்கள். அன்று முதல் உம்மாவின் நிழலாகவே அது வளர்ந்தது. உம்மா ஒளுச் செய்ய அமர்ந்தால் செம்பின் பக்கத்தில் வந்து நிற்கும். ஸுப்ஹுத் தொழுகை முடித்து உம்மா யாஸீன் ஓதும் நேரம் முழுவதும் தொழுகைப் பாயின் ஓரத்தில் சுருண்டு படுத்திருக்கும்.

2023ஆம் ஆண்டு ரமளானின் நடுப்பகுதியில் உம்மா ஒரு செய்தி சொன்னார்கள்: "செவலை தண்ணி குடிக்கிறது கூடிப்போச்சு. ஒளு எடுக்குற நேரத்துல ஒரு தடவை குடிக்கும்; இப்ப மூணு நாலு தடவை வருது." இரண்டு நாள் கழித்து ஸஹர் நேரத்தில் செவலை வரவில்லை. வெளிக்கதவு இரவில் பூட்டியே இருந்ததால், அது வீட்டினுள்ளேதான் இருக்க வேண்டும். தேடியபோது, பத்தாயத்துக்கும் சுவருக்கும் இடையே கால்களை உடம்பினடியில் மடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தது. அருகே வைத்த சாளை மீனை முகர்ந்தும் பார்க்கவில்லை. எங்கள் மகள் கையை நீட்டியதும் 'குர்குர்' என்று ஓசை எழுப்பியது. பூனை மகிழ்ச்சியில் மட்டுமே அவ்வாறு ஒலிப்பதாகப் பலர் கருதுவர். வலியிலும் அச்சத்திலும்கூட அது தன்னைத் தேற்றிக்கொள்ள அவ்வோசையை எழுப்புவதுண்டு.

அன்று காலையிலேயே மூங்கில் கூடையொன்றில் பழந்துணி விரித்து, மேலே வலையிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். இரத்தம் எடுத்துச் சோதித்ததில் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டது தெரிந்தது. வயது முதிர்ந்த பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் நோய் இது. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்த பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயர்ந்து காட்டும் என்று மருத்துவர் விளக்கினார். அதுவரை பூனை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். மிகுதியாகத் தண்ணீர் குடிப்பதும், மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதும், மெல்ல மெல்ல மெலிவதுமே முன்னறிவிப்புகள். "இதைக் குணப்படுத்த முடியாது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில காலம் சுகமாக இருக்கும்" என்றார் அவர்.

குணப்படுத்த முடியாது என்று கேட்ட பின்னும் செய்வதற்குப் பணி மிகுதியாக இருக்கிறது என்பதை அதன் பிறகே அறிந்தோம். நீர்ச்சத்து குறையாதிருக்க வாரம் இருமுறை ரிங்கர் லாக்டேட் நீரை 100 மில்லி அளவு, பிடரித் தோலை மெல்லத் தூக்கி அதனடியில் ஏற்ற மருத்துவரே கற்றுக்கொடுத்தார். உம்மா மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார்கள்; மகள் நீர்ப்பையை உயர்த்திப் பிடிப்பாள்; பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உப்பிடாமல் வேகவைத்த மீனைச் சாற்றுடன் மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுத்தோம். மணம் எழுந்தால்தான் நோயுற்ற பூனை உண்ணும். பத்தாயத்தின் பின்புறத்தை அடைத்துவிடலாமா என்று பேச்சு வந்தபோது உம்மா இசையவில்லை. "ஒளியணும்னு தோணுற நேரத்துல இடமில்லாம என்ன செய்யும்?" என்றார்கள். மருத்துவரும் அவ்வாறே கூறினார். எனவே ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டியில் பழைய துணியிட்டு அங்கேயே வைத்தோம். செவலை ஒளிந்தது, நாங்கள் காணும்படியாக ஒளிந்தது.

இவ்விடத்தில், பூனை வளர்க்கும் குடும்பத்தார் மனத்திற் கொள்ளத்தக்க சில குறிப்புகளைச் சொல்லிவிடுவது கடமையாகும். நோயுற்ற பூனை தன்னை நக்கித் தூய்மை செய்வதைக் கைவிடும். முடி திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். வழக்கமாகத் தாவும் திண்ணையில் தாவாது. கொல்லை மணலுக்குப் போகாமல் வேறிடத்தில் சிறுநீர் கழிக்கும். தொட்டால் சீறும், அல்லது தொட்டது அறியாததுபோல் கிடக்கும். உறங்கும் பூனை நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சுவிடுவதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் ஆபத்தின் அறிகுறிகள். கனடாவில் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பூனையின் முகத்தைக் கொண்டே வலியை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். காதுகள் விலகி வெளிப்புறம் திரும்புதல், கண்கள் இடுங்குதல், மூக்கையும் வாயையும் சுற்றிய பகுதி இறுகுதல், மீசை விறைத்து நீளுதல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, கூட்டுத்தொகை 10க்கு 4 அல்லது அதற்கு மேலிருந்தால் வலிக்கு மருந்து வேண்டுமென்பது அதன் முடிவு. அம்முறையை மகளுக்குக் கற்பித்தோம். ஒரு வாரத்தில் அவள் எங்களைவிட நன்றாகச் செவலையின் முகத்தைப் படித்தாள்.

ஒரு நாள் முழுவதும் உண்ணாத பூனையை மறுநாள் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சில நாள் பட்டினி கிடந்தால், சிறப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும். ஆண்பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி அமர்ந்து ஒன்றும் வராமல் எழுந்தால், அது காத்திருக்கத்தக்க நிலையன்று; அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடும். காய்ச்சலென்று எண்ணி நாம் உட்கொள்ளும் பாரசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது. அதைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை; ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதுமானது. நாய்க்குரிய உண்ணி மருந்துகளில் சேரும் பெர்மெத்ரினும் பூனைக்கு நஞ்சு. ஒளிந்திருக்கும் பூனையைக் காலைப் பிடித்து இழுப்பதும் கூடாது, வலியில் கடித்துவிடும். கடித்தாலும் பிறாண்டினாலும், வெறிநோயை நினைவிற் கொண்டு, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

"பூனைக்கு வைத்தியமா?" என்று நகைப்போர் இன்றும் உளர். சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியில் பூனைகளும் நாய்களும் மருத்துவம் பெறுகின்றன. நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டிலும், திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் 2012ஆம் ஆண்டிலும் இத்தகைய கல்லூரிகள் தோன்றிவிட்டன. தாகித்த நாய்க்குத் தண்ணீர் அளித்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்ததைப் போற்றும் சமுதாயம், நோயுற்ற பூனைக்கு மருந்தளிப்பதை வீண்செலவென்று கூறலாகுமோ?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் வட்டாரத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாலைகள் துண்டுபட்டன; மின்சாரம் இல்லை; எங்கள் முற்றத்தில் முழங்காலளவு நீர். செவலைக்கு ஏற்றும் நீர்ப்பைகள் இரண்டே எஞ்சியிருந்தன. மச்சுக்கு ஏறும் வலிமை அதற்கு இல்லை. பெட்டியோடு தூக்கி மேலே வைத்தோம். உம்மா அதன் அருகிலேயே இருந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீர் ஏற்றினோம். மூன்றாம் நாள் வடிந்தபின் மருந்துக் கடை திறக்கும்வரை அந்த இரு பைகளே போதுமாயிருந்தது அல்லாஹ்வின் அருள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நிகழ்ந்ததொன்றைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. 2024 ஜனவரியில் ஒரு நாள் அஸருக்கு உம்மா ஒளுச் செய்துகொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "உம்மும்மா, இடது காலை மட்டும் ஏன் சுவர்ப் பக்கமாத் திருப்பிக் கழுவுறீங்க?" உம்மா, ஒன்றுமில்லை என்றார்கள். அவள் விடவில்லை. "செவலை மாதிரியே நடக்குறீங்க. காலைக் காட்டுங்க."

பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தளவு புண். வெள்ள நீரில் இறங்கிய அன்று ஏதோ கீறியிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள உடம்பு. அந்நோய் நரம்புகளைத் தளர்த்திவிடுவதால் பெரிதாக வலிக்கவுமில்லை. வலித்த சிறிதளவையும் உம்மா மறைத்துக்கொண்டார்கள். "ஊரே தண்ணியில கிடந்துச்சு. பிள்ளைகளுக்கு நூறு வேலை. இதைப் போய்ச் சொல்லணுமா?" என்பதே அவர்கள் கூறிய காரணம். மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து, ஏழு வாரம் கட்டுப் போட்டு ஆற்றினார்கள். இன்னும் சிறிது நாள் சென்றிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் மருத்துவர்.

நம் வீடுகளில் எத்தனை உம்மாக்கள், எத்தனை ராத்தாக்கள் இவ்வாறு நோயைத் துப்பட்டியில் பொதிந்து வைத்திருக்கிறார்கள்! வலியைச் சொல்லாததைப் பொறுமையென்று புகழ்ந்து பழகிவிட்டோம். ஸபர் என்பது அல்லாஹ் அளித்த சோதனையில் உள்ளம் உடையாதிருத்தலே. நோயை மறைத்தல் அதன் பொருளன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அன்றோ! பூனை தன் இயல்பால் மறைக்கிறது. அதற்கு வேறு வழி தெரியாது. மனிதர் மறைப்பது பெரும்பாலும், கேட்பார் இருக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தாலோ, மற்றவருக்குச் சுமையாகிவிடுவோம் என்ற அச்சத்தாலோதான். அந்த எண்ணத்தைப் போக்குவது மறைப்பவரின் கையில் இல்லை; வீட்டாரின் கையிலேயே உள்ளது.

செவலை 2024 ஆகஸ்டு வரை இருந்தது. நோய் கண்டறிந்த பின் 16 மாதங்கள். அவற்றுள் பெரும்பாலான நாட்கள் நல்ல நாட்களே. வெயிலில் படுத்தது, மீனுக்குக் கத்தியது, உம்மாவின் பாயோரத்தில் உறங்கியது. கடைசி இரு நாள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வாயில் தடவினோம். இரவில் முறைவைத்து அருகில் அமர்ந்தோம். கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம். மகள் பல நாள் அழுதாள். அழ வேண்டாமென்று யாரும் அவளைத் தடுக்கவில்லை.

பூனைக்குச் சொத்தில்லை, உரிமை கோரி வழக்காட நாவில்லை. அது நமக்கு அமானத்தாகத் தரப்பட்ட உயிர். உணவும் நீரும் அதற்குரிய பங்கு. இன்று நம்மைச் சுற்றி வந்ததா என்று நாள்தோறும் பார்ப்பதும் அதற்குரிய பங்கே. அப்பார்வை பழகிவிட்ட கண்ணுக்கு, அதே வீட்டில் ஓசையின்றி நடமாடும் மனிதரின் வலியும் தப்பாது. இன்றிரவு உறங்கச் செல்லுமுன் உங்கள் பூனையை ஒருமுறை தேடிப் பாருங்கள். வழக்கமான இடத்தில் இல்லையென்றால், விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டான மூலைகளில் குனிந்து பாருங்கள். அப்படியே, "இன்று உடம்புக்கு எப்படி இருக்கிறது?" என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் விடை சொல்லி முடிக்கும்வரை அமர்ந்திருங்கள்.

நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களின் துன்பத்தை உரிய காலத்தில் உணரும் உள்ளத்தையும், அதைப் போக்க முயலும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.